ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம்

இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி எழுதல. வீட்டுக் கம்ப்யூட்டர்ல வால்பேப்பர் தானா மாறுற மாதிரி வைக்கிறது எப்படின்னு எழுதப் போறேன்.

"டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு நினைக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா கடைசி வரைக்கும் வாசிங்க. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கண்டிப்பாக வாசிங்க.

எங்கள் வீடு பாம்பனில். நான் வேலை பார்ப்பது இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில். வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா. பக்கத்துத் தெருவில் அக்கா வீடு. அக்கா மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

அப்பத்தாவுக்கு 79 வயது. மூன்று வருஷமாக மறதி நோய் இருக்கிறது.

கூடத்தில் அவர் கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு மேசை. அதன் மேல் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அப்பா அதில் ரயில் டிக்கெட் போடுவார், கரண்ட் பில் கட்டுவார். மற்ற நேரம் திரை சும்மா எரிந்துகொண்டிருக்கும்.

அதில் இருந்த வால்பேப்பரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பச்சைப் புல்மேடு, மேலே நீல வானம், வெள்ளை மேகம். விண்டோஸ் எக்ஸ்பி-யில் வந்த அதே படம்தான்.

அந்தப் படத்துக்கு ஒரு கதை இருக்கிறது. சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சோனோமா என்ற பகுதியில் காரில் போகும்போது சாலையோரம் நிறுத்தி எடுத்தது. உண்மையில் அது திராட்சைத் தோட்டம் இருந்த இடம். பூச்சி விழுந்து கொடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் மழை பெய்து புல் முளைத்திருந்த நேரத்தில் இவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார். பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தை வாங்கி, 2001-இல் வந்த எக்ஸ்பி-க்கு முகமாக வைத்தது. 'ப்ளிஸ்' என்று பெயரும் வைத்தது.

எங்கள் எக்ஸ்பி கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. புதுசு வாங்கினோம். ஆனால் அப்பா, "அந்தப் பச்சை இருந்தாத்தான்டா கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்று சொல்லி பழைய படத்தையே தேடிப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

அப்பத்தா அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"ஏய்யா, யாரு வயக்காடு இது? நல்லா மழை பேஞ்சிருக்கு போலயே."

சொல்வோம். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை.

வெளியில் இருந்து கேட்டால் சிரிப்பாக இருக்கும். கூடவே இருப்பவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். அம்மா பொறுமையாகப் பதில் சொல்வார். அப்பா மூன்றாவது தடவையிலேயே, "ஆத்தா, அது வெளிநாடு, விடு ஆத்தா" என்று குரலை உயர்த்திவிடுவார். அப்பத்தா முகம் வாடிவிடும். எதற்காகத் திட்டு வாங்கினோம் என்று தெரியாது. திட்டு வாங்கியது மட்டும் மனதில் தங்கும்.

இதை ஒரு மருத்துவராகவும் சொல்கிறேன். மறதி நோயில் சம்பவம் மறந்துபோகும், அதனால் வந்த வருத்தம் சீக்கிரம் போகாது.

அக்கா மகள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"மாமா, பாட்டிக்குத் தெரியாத ஊரையே எதுக்கு காட்டிட்டு இருக்கீங்க? நம்ம ஊர் படத்தைப் போடலாம்ல? தானா மாறுற மாதிரி கூட வைக்கலாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. எம்பிபிஎஸ் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். யோசனை வந்தது எட்டாம் வகுப்பிலிருந்து.

எப்படி வைப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம். 2009-இல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். காட்ட வேண்டிய படங்களை மட்டும் அதில் போடுங்கள். இது ரொம்ப முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'பர்சனலைஸ்' போங்கள். அதில் 'பேக்கிரவுண்ட்'. அங்கே 'பிக்சர்' என்று இருப்பதை 'ஸ்லைடு ஷோ' என்று மாற்றுங்கள். 'பிரவுஸ்' அழுத்தி உங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை படம் மாற வேண்டும் என்று கேட்கும். 1 நிமிஷம், 10 நிமிஷம், 30 நிமிஷம், 1 மணி நேரம், 6 மணி நேரம், 1 நாள் என்று இருக்கும்.

'ஷஃபிள்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்தால் படங்கள் கலைந்து கலைந்து வரும். ஆஃப் செய்தால் ஒரே வரிசையில் வரும்.

லேப்டாப் என்றால், பேட்டரியில் ஓடும்போதும் படம் மாறட்டுமா என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஃபில்' என்று வைத்தால் திரை முழுக்க நிறையும், ஆனால் சில படத்தில் தலை வெட்டுப்படும். 'ஃபிட்' என்று வைத்தால் முழுப் படமும் தெரியும்.

ஐந்து நிமிஷ வேலைதான். நாங்கள் இரண்டே நிமிஷத்தில் முடித்தோம். அதுதான் தப்பு.

என் போனில் இருந்த கேலரியை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றி, அந்த மொத்த ஃபோல்டரையும் காட்டிவிட்டேன். 1 நிமிஷம், ஷஃபிள் ஆன்.

முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அக்கா கல்யாணம் வந்தது. ராமேஸ்வரம் கோயில் பிரகாரம் வந்தது. அப்பத்தா கண் கொட்டாமல் பார்த்தார். நானும் மருமகளும் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டோம்.

அடுத்து வந்தது ஒரு கால். சர்க்கரை நோயால் புண் வைத்த கால். சர்ஜனிடம் கருத்து கேட்பதற்காக, நோயாளியிடம் அனுமதி வாங்கி நான் எடுத்த படம். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் 21 இஞ்ச் திரையில் முழுசாக நிற்கிறது. காபியோடு வந்த அம்மா "ஐயோ" என்று அலறிவிட்டார்.

அப்பத்தா மட்டும் அசரவில்லை. "யாரு காலுடா இது? மஞ்சப் பத்து போடச் சொல்லு" என்றார்.

(தயவுசெய்து யாரும் சர்க்கரைப் புண்ணில் மஞ்சள் பத்து போடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அந்தப் படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை. இருந்தாலும் அவர் எனக்கு அனுமதி கொடுத்தது இன்னொரு மருத்துவருக்குக் காட்டத்தான், என் வீட்டுக் கூடத்தில் காட்ட இல்லை. அன்றைக்கே போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அப்படிப்பட்ட படங்களைத் தேடி அழித்தேன்.

உங்கள் கேலரியிலும் ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் இருக்கும். அதனால்தான் தனி ஃபோல்டர் என்கிறேன்.

இரண்டாவது தப்பு மறுநாள் நடந்தது.

அப்பத்தாவின் கணவர், என் ஐயா, ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தனுஷ்கோடி ஊரே போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அந்தப் பாலத்தைச் சரி செய்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான்.

அந்தச் சீரமைப்பில் கூலி வேலைக்குப் போனவர் எங்கள் ஐயா. அப்படியே ரயில்வேயில் தங்கி, கடைசியில் தூக்குப் பாலத்தைத் திறந்து மூடும் ஆட்களில் ஒருவராக ஆனார். 1914-இல் திறந்த பாலம் அது. கப்பல் போகும்போது நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறக்க வேண்டியிருந்தது. ஐயா 2016-இல் இறந்துவிட்டார்.

ஃபோல்டரில் ஐயாவின் படம் ஒன்று இருந்தது. சுவரில் மாட்டுவதற்காக ஸ்டூடியோவில் பெரிசு பண்ணிய படம். மாலை போட்டது, கீழே தேதி எழுதியது.

அது திரையில் வந்தது. அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"மாலை எதுக்குடா போட்டுருக்கு?"

யாரும் பேசவில்லை. அப்பாதான் மெதுவாக, "ஐயா இறந்துட்டாருல்ல ஆத்தா" என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சாவு அப்பத்தாவுக்கு அந்த நிமிஷம்தான் நடந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு ஏன்டா சொல்லல? கடைசியா ஒரு தடவ முகத்தைக் காட்டக்கூடாதா?" என்று கேட்டார். அவர் மடியில்தான் ஐயாவின் தலை இருந்தது, அந்தக் கடைசி நேரத்தில்.

முக்கால் மணி நேரம் கழித்து அழுகை நின்றது. அப்புறம் அம்மாவிடம், "ஐயா இன்னும் சாப்பிட வரல. சோத்தை மூடி வை" என்றார்.

அன்று இரவு நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். "பொய் சொல்லச் சொல்றியா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும்.

நான் சொன்னது இதுதான். நெஞ்சறிந்து பொய் சொல்ல வேண்டாம். அதற்காக ஒவ்வொரு தடவையும் சாவுச் செய்தி சொல்லவும் வேண்டாம். "ஐயா எங்க?" என்று கேட்டால், அவர் ஐயாவைத் தேடுகிறார் என்று அர்த்தம். அப்போது ஐயாவைப் பற்றி அவரையே பேச வையுங்கள்.

மாலைப் படத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் பீரோவில் இருந்த ஒரு பழைய படத்தை ஸ்கேன் செய்து போட்டோம். தூக்குப் பாலத்தின் மேல், வேலைச் சட்டையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐயா நிற்கும் படம்.

அது வந்ததும் அப்பத்தா, "இந்தா, இங்க நிக்கிறாரு" என்றார்.

"ஐயா பாலத்துல என்ன வேலை அப்பத்தா பாத்தாரு?" என்று மருமகள் எடுத்துக்கொடுக்கச் சொன்ன மாதிரி நான் கேட்டேன்.

இருபது நிமிஷம் பேசினார். கப்பல் வருவதாகத் தகவல் வந்தால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவது, காற்று அடிக்கும் நாளில் பாலத்தில் நடந்து போகும்போது இவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது, கையில் கிரீஸ் வாடை போகாதது. கோர்வையாக, ஒரு இடத்திலும் தடுமாறாமல் பேசினார். காலையில் சாப்பிட்ட இட்லி அவருக்கு நினைவில் இல்லை. 1970-இல் கிரீஸ் வாடை இருக்கிறது.

இதற்கு மருத்துவத்தில் விளக்கம் உண்டு. அல்சைமர் நோயில் முதலில் அடிபடுவது புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. பழைய நினைவுகள், அதிலும் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ளவை, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பழைய படம், பழைய பாட்டு, பழைய பொருள் இவற்றைக் காட்டிப் பேச வைப்பதை ஒரு சிகிச்சை முறையாகவே செய்கிறார்கள்.

இதில் அதிகமாக எதிர்பார்க்கவும் கூடாது. ஆய்வுகளில் தெரிவது சிறிய பலன்தான், அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. நோய் இதனால் குணமாகாது. மனநிலை கொஞ்சம் தெளியலாம், வீட்டில் பேச்சு கொஞ்சம் கூடலாம். எங்கள் வீட்டில் அந்தக் கொஞ்சமே பெரிசாக இருந்தது. அப்பா குரலை உயர்த்துவது நின்றது.

மூன்றாவது தப்பை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "எழுது" என்றார்.

2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டார்கள் இல்லையா. அதற்கப்புறம் நாங்கள் குடும்பமாகப் போயிருந்தோம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சுக்கு முன்னால் மருமகள் நிற்கும் படம் ஒன்று. தன் படம் என்பதால் அவளே ஃபோல்டரில் சேர்த்திருக்கிறாள். நானும் கவனிக்கவில்லை.

அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். புயல் அடித்தபோது அவருக்கு 18 வயது. இது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ராத்திரியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதே இல்லை. கேட்டால், "அது ஆச்சு" என்று முடித்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அந்தப் படம் வந்தது. அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. இங்கே எழுத மனம் வரவில்லை.

"யாரு ஆத்தா அது?" என்று அப்பா கேட்டார்.

"தங்கச்சி. கையைப் பிடிச்சிட்டுத்தான் வந்தா."

அப்பாவுக்கு அப்போது 58 வயது. தனக்கு ஒரு சித்தி இருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

அடுத்த நாளும் அதே படம், அதே பெயர், கூடவே கொஞ்சம் புது விஷயம். நாலு வயசுப் பிள்ளை. காதில் தோடு. மேடான மணலுக்கு ஏறும்போது கை நழுவியது. அப்பா போனில் பதிவு செய்ய ஆரம்பித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது.

மூன்றாம் நாள் இரவு அப்பத்தா தூங்கவில்லை. ஒரு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கப் போனார். "தண்ணி வருது, பிள்ளையைத் தூக்கு" என்று அம்மாவைப் பிடித்து இழுத்தார். உடம்பெல்லாம் நடுக்கம். பிரஷர் பார்த்தேன். 180-க்கு மேல் இருந்தது. விடியும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

காலையில் முதல் வேலையாக அந்தப் படத்தை ஃபோல்டரிலிருந்து எடுத்தேன்.

அப்பாவுக்குக் கோபம். "61 வருஷமா சொல்லாததை இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் மறந்துபோயிரும். அப்புறம் யார்கிட்டடா கேக்குறது? அந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ கூட இல்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் அப்பாவிடம், "உங்களுக்கு அது கேட்க வேண்டிய கதை. ஆத்தாவுக்கு ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு ராத்திரியே திரும்ப வருது. நம்ம தெரிஞ்சுக்கிறதுக்காக அதை அனுபவிக்க வைக்கிறது சரியில்லப்பா" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஒரு கோடு போட்ட நோட்டில், அப்பத்தா சொன்னதை எல்லாம் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருப்பதைக் காட்டினார். பெயர், வயது, தோடு, மணல்மேடு. ஒன்றரைப் பக்கம்தான். போன டிசம்பர் 23-ஆம் தேதி காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அரிச்சல்முனை போய், கொஞ்சம் பூவைக் கடலில் போட்டுவிட்டு வந்தார்.

படத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அந்த ஃபோல்டர் அப்பத்தாவுக்காக வைத்தது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிய மூன்று தப்பு தேவைப்பட்டது.

இப்போது எங்கள் ஃபோல்டர் இப்படித்தான் இருக்கிறது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மொத்தம் 24 படம். அதற்கு மேல் வேண்டாம். நேரம் 1 மணி நேரம். 1 நிமிஷத்துக்கு ஒரு படம் மாறினால் மறதி நோய் உள்ளவர்கள் குழம்பிப்போவார்கள். ஒரு படத்தைப் பார்த்து, நினைவு வந்து, வாயைத் திறப்பதற்கே அவர்களுக்கு நேரம் பிடிக்கும். ஷஃபிள் ஆஃப். 'பவர்' செட்டிங்கில் போய், பகல் நேரத்தில் திரை அணையாதபடி வைத்திருக்கிறோம்.

திரையில் உள்ள ஐகான்களை மறைத்துவிட்டோம். ரைட் கிளிக், 'வியூ', அதில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்தால் போதும். ஃபைல் எங்கும் போகாது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு படத்தில் ஒன்றிரண்டு பேர் மட்டும். முப்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் அவர்களால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அப்பத்தா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். அதனால் மருமகள் ஒவ்வொரு படத்தின் கீழேயும் பெரிய எழுத்தில் யார் என்று எழுதியிருக்கிறாள்.

யாரையும் பரீட்சை வைக்காதீர்கள். "இது யாரு சொல்லு பாப்போம்?" என்ற கேள்வியே வேண்டாம். தெரியவில்லை என்றால் அவர்களுக்கு அவமானமாக இருக்கும். "இது அத்தை, தங்கச்சிமடத்துல மல்லிகை நாத்து வாங்கப் போனப்ப எடுத்தது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு படம் வந்து அவர் முகம் மாறினால், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'நெக்ஸ்ட் டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்' அழுத்துங்கள், அடுத்த படம் வந்துவிடும். அப்புறம் அந்தப் படத்தை ஃபோல்டரிலிருந்தும் எடுத்துவிடுங்கள். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் இவர்களுக்குப் பதற்றம் கூடும். ஆறு மணிக்குக் கூடத்தில் நல்ல வெளிச்சமாக விளக்கைப் போட்டுவிடுவோம். எட்டு மணிக்குத் திரையை அணைத்துவிடுவோம்.

இனி மருத்துவம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடக்கும். கையில் இருக்கும் சாவி எதற்கு என்று தெரியாமல் போனால், தெரிந்த தெருவில் வழி தப்பினால், பல வருஷம் வைத்த குழம்பை வைக்கத் தெரியாமல் நின்றால், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் சரி செய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், கீழே விழுந்து தலையில் அடிபட்டு மெதுவாகச் சேரும் ரத்தக்கசிவு. காது கேட்காமல், கண் புரையால் பார்க்க முடியாமல் இருப்பவர்களையும் மறதி என்று நினைத்துவிடுகிறோம். அப்பத்தாவுக்கு இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அல்சைமர் என்ற முடிவுக்கு வந்தோம்.

இரண்டு நாளில் திடீரென்று குழப்பமாகப் பேசினால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை குறைவு என்று ஏதாவது இருக்கும். தாமதிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.

பிரஷர், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அப்பத்தாவுக்கு வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கேட்டுப் பாருங்கள்.

அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அம்மா. மூன்று வருஷமாக ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாகப் போனதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் டூட்டி. ஆஸ்பத்திரி டூட்டியைச் சொல்லல, அப்பத்தா டூட்டி. மனசு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசலாம், இலவசம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று.

இந்த 24 படத்தையும் தேர்ந்தெடுத்து வைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஐயா இருக்கிறார், அவர் திறந்த தூக்குப் பாலம் இருக்கிறது, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் இருக்கிறது. ("இது என்னடா, நடுவுல ஏணி மாதிரி நேரா மேல போகுது? ஐயா பாலம் வாயைத் திறக்கும்ல" என்பார்.) நுங்கு இருக்கிறது, காயும் கருவாடு இருக்கிறது, அவர் கல்யாணப் படம் இருக்கிறது. எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. எங்களுக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, அந்த வயக்காட்டை எங்க காணோம்? வித்துட்டாங்களா?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. புதுசாக எதுவும் தங்காத அந்த மூளையில், மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த அந்தப் பச்சை மேடு எப்படியோ போய் உட்கார்ந்திருக்கிறது. அவருக்குத் தெரியாத ஊர் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டோம்.

அன்றைக்கே 25-ஆவது படமாக அதையும் சேர்த்தேன்.

இப்போது அது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது. அப்பத்தா கேட்கிறார், "நல்லா மழை பேஞ்சிருக்கு போலயே."

அப்பா இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார், "ஆமா ஆத்தா. இந்த வருஷம் நல்ல மழை."